ராதிம் வாவ்ரா பெயரில் வந்த பேட்ச்

பிர்னோ,
14 ஜனவரி 2018

மதிப்புக்குரிய திரு. வாவ்ரா அவர்களுக்கு,

குழு அஞ்சலில் என் நிரல் மாற்றத்துக்கு, அந்தப் பேட்சுக்கு, நீங்கள் எழுதிய பதில் இவ்வளவுதான்: "அலங்கார வேலை. வேண்டாம்." அதை உலகமே படித்துவிட்டது. அங்கே எல்லோரும் ஆங்கிலத்தில் எழுதுவதால் நானும் ஆங்கிலத்தில் பணிவாக நன்றி சொல்லிவிட்டேன். நீங்களும் செக் நாட்டுக்காரர் என்பதால் இதை உங்களுக்கு மட்டும் நம் மொழியில் எழுதுகிறேன். நம் மொழியில் எனக்கு அவ்வளவு பணிவு வரவில்லை.

ஒரு பெரிய கணினிக்குள் பல விருந்தாளிக் கணினிகளைக் குடிவைத்து ஓட்டும், கெர்னல் என்ற இயங்குதள மைய நிரலின் பகுதி உங்கள் பொறுப்பில் இருக்கிறது. விருந்தாளிகளின் நினைவகப் பக்கங்களைக் கையாளும் இடத்திலெல்லாம் "இந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் வரை" என்று வருகிறது. அந்த எல்லைக்கு எல்லா இடத்திலும் 'முடிவு' என்றே பெயர். ஆனால் சில இடங்களில் 'முடிவு' என்பது கடைசிப் பக்கம். சில இடங்களில் கடைசிப் பக்கத்துக்கு அடுத்த பக்கம். ஒரே கோப்பில், ஒரே திரையில், இரண்டும் இருக்கின்றன. படிப்பவர் ஒவ்வொரு முறையும் ஊகிக்க வேண்டியிருக்கிறது.

கிறிஸ்துமஸ் விடுமுறை முழுவதும் அவற்றை ஒவ்வொன்றாகப் படித்தேன். கடைசிப் பக்கத்தையே குறிப்பவற்றுக்குக் 'கடைசி' என்று பெயர் வைத்தேன். அதற்கு அடுத்ததைக் குறிப்பவற்றுக்கு மட்டும் 'முடிவு' என்பதை விட்டுவைத்தேன். இதில் அலங்காரம் எங்கே இருக்கிறது? எந்த வரி பிடிக்கவில்லை என்று சொல்லுங்கள், அந்த வரியைப் பற்றிப் பேசலாம். படிக்காமலே வேண்டாம் என்றால் பேச ஒன்றும் இல்லை.

வெண்டுலா கோப்ரிவோவா

லிபெரெட்ஸ்,
16 ஜனவரி

கோப்ரிவோவா அவர்களே,

ஒவ்வொரு குளிர்காலத்திலும் யாராவது ஒருவர் பெயர் மாற்றும் பேட்சோடு வருகிறார். விடுமுறையில் பொழுது போகாதவர்கள். இந்த ஆண்டு நீங்கள்.

பெயர் வைப்பது யாருக்கும் சுலபம். பழைய வெளியீடுகளில் பாதுகாப்புத் திருத்தங்களைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது நான். இங்கே ஒரு பெயரை மாற்றினால் அங்கே ஒரு திருத்தமும் ஒட்டாது. கையால் ஒட்ட வேண்டும். அந்தக் கை உங்களுடையதா? நீங்கள் பேட்சை அனுப்பிவிட்டு வசந்தகாலத்தில் வேறு பொழுதுபோக்கைத் தேடிப் போய்விடுவீர்கள். நான் இங்கேயே இருப்பேன், ஒட்டிக்கொண்டு.

என்னோடு வேலை செய்யும் காமில் உங்கள் பேட்சைப் பார்த்துவிட்டுத் தொலைபேசியில் சொன்னான்: "என்ன ராதிம், உன் வீட்டுக்கு வெள்ளையடிக்க இன்னொருத்தர் ஏணியோட வந்துட்டாங்க போல! பாத்துய்யா, ஏணியப் புடிச்சு ஆட்டிவிடாத."

ஏணியை எடுத்துக்கொண்டு நீங்களே போய்விட்டால் நல்லது.

வாவ்ரா

பிர்னோ,
3 பிப்ரவரி

திரு. வாவ்ரா அவர்களுக்கு,

பழைய வெளியீடுகளைப் பற்றி நீங்கள் சொன்னது நியாயம். அது எனக்குத் தோன்றவில்லை. அதை முதல் பதிலிலேயே சொல்லியிருக்கலாம். ஏணியைப் பற்றி எழுதியிருக்க வேண்டியதில்லை.

ஆனால் இதை எழுதுவது அதற்காக இல்லை. என் பேட்சில் ஒரு தவறு இருக்கிறது. நீங்கள் கண்டுபிடிக்கவில்லை, நான்தான் கண்டுபிடித்தேன்.

அப்பா டிராம் ஓட்டுகிறார். அரையாண்டுச் சான்றிதழ் வந்த அன்று, சாப்பாட்டு மேசையில், விடுமுறை முழுக்க அப்படி என்னதான் செய்தாய் என்று கேட்டார். இந்த 'முடிவு' விவகாரத்தைச் சொன்னேன். முள்கரண்டியை அப்படியே தட்டில் வைத்துவிட்டார்.

"இரு, இரு. முடிவுன்னா ஜனங்க எறங்குற கடைசி ஸ்டாப்பா, இல்ல அதுக்கப்புறம் வண்டி திரும்புற வளையமா?"

"அதாம்ப்பா சிக்கலே. ரெண்டுக்கும் ஒரே பேரு வெச்சிருக்காங்க."

"நல்லாருக்கே! எங்க டிப்போவுல இப்பிடிப் பேசிக்கிட்டா, தெனம் யாராவது ஒருத்தர் பையும் கையுமா வளையத்துல மாட்டிக்கிட்டு கதவத் தட்டிக்கிட்டிருப்பாங்க. அது சரி, நீ எல்லா எடத்துலயும் போயிப் பாத்துட்டுத்தான் பேரு மாத்துனியா? இல்ல குத்துமதிப்பாவா?"

எல்லா இடத்தையும் பார்த்தேன் என்றுதான் சொன்னேன். சாப்பிட்ட பிறகு திரும்பப் படித்தபோது ஒன்றைப் பார்க்கவில்லை என்று தெரிந்தது. ஓடிக்கொண்டிருக்கும் விருந்தாளியை ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்கு இடம் மாற்றுவதற்காகப் பக்கங்களை நகலெடுக்கும் பகுதி அது. அக்கம்பக்கத்தில் இருந்தவை எல்லாம் ஒரே மாதிரி இருந்ததால் இதுவும் அப்படித்தான் என்று நினைத்து 'முடிவு' என்றே விட்டேன். சீராக இருக்கட்டும் என்று ஒப்பீட்டுக் குறியையும் 'அதுவரை' என்பதிலிருந்து 'அதற்கு முன்வரை' என்று மாற்றிவிட்டேன். உண்மையில் அங்கே வருவது கடைசிப் பக்கமே. ஆகவே என் பேட்சின்படி கடைசிப் பக்கம் நகலாகாமல் பழைய இடத்திலேயே நின்றுவிடும். "செயல்பாட்டில் மாற்றம் இல்லை" என்று மேலே எழுதிவிட்டுக் கீழே இப்படிச் செய்திருக்கிறேன்.

இரண்டாம் பதிப்பை நேற்று குழுவுக்கு அனுப்பிவிட்டேன். முதல் பதிப்பின் தவறு என்ன, எங்கே என்று அதன் முகப்பிலேயே எழுதியிருக்கிறேன். தயவுசெய்து இதைப் படியுங்கள், முதல் பதிப்பை அல்ல.

வெண்டுலா கோப்ரிவோவா

லிபெரெட்ஸ்,
4 பிப்ரவரி

வெண்டுலா,

அரையாண்டுச் சான்றிதழா? பள்ளிக்கூடப் பிள்ளையா நீ? முன்பே சொல்லியிருந்தால் இவ்வளவு நீளமாகப் பதில் எழுதியிருக்க மாட்டேன்.

இரண்டாம் பதிப்பைப் படிக்கவில்லை. படிக்கவும் மாட்டேன். முதலாவதில் தவறு இருந்தது என்று நீயே சொல்கிறாய். இப்படிப்பட்ட வேலையை ஏன் வேண்டாம் என்கிறேன் என்பதற்கு அதைவிட நல்ல சான்று இல்லை. காமில் கேட்டுவிட்டுச் சிரிக்கிறான்: "ஏய்யா, சின்னப் பொண்ணோடவா இவ்வளவு நாளாச் சண்டை போட்டுக்கிட்டிருந்த?"

படிக்கிற வயதில் பாடத்தைப் படி.

வாவ்ரா

பிர்னோ,
19 மார்ச்

திரு. வாவ்ரா அவர்களுக்கு,

என் வயது தெரியாதவரை நான் "நீங்கள்". தெரிந்த நாளிலிருந்து "நீ". என் வேலையிலும் அதே போலத்தான் நடந்துகொண்டிருக்கிறீர்கள். வேண்டாம் என்றபோது அது என்னுடையது. வேண்டும் என்றானதும் உங்களுடையது.

புதிய வெளியீட்டுக்கான முன்னோட்டத்தில் உங்கள் பெயரில் ஒரு பேட்ச் உள்ளே போயிருக்கிறது. "நினைவக எல்லைப் பெயர்களைச் சீராக்குதல். எழுதியவர்: ராதிம் வாவ்ரா." அதை வரி வரியாகப் படித்தேன். என் விடுமுறை அது. 'கடைசி', 'முடிவு' என்ற பிரிப்பும் என்னுடையது. இவற்றை நீங்களே யோசித்தீர்கள் என்று நீங்கள் சொல்லக்கூடும், சாதாரணப் பெயர்கள்தானே. ஆனால் இடமாற்றப் பகுதியில் என் தவறும் இருக்கிறதே! அதே இடம், அதே குறி. இரண்டாம் பதிப்பில் நான் திருத்தியதை நீங்கள் படிக்கவில்லை என்று கையெழுத்திட்டுச் சொன்னீர்கள். அதை இப்போது முழுமையாக நம்புகிறேன்.

நான் வகுப்பில் எங்கள் ஆசிரியை ஸ்லாமோவாவிடம் போனேன். மாவட்ட அளவில் மாணவர்களின் சொந்த ஆய்வுகளை வைக்கும் நிகழ்ச்சிக்கு இந்த வேலையைத்தான் கொடுத்திருந்தேன். அவர் கெர்னலின் பதிவைத் திறந்து பார்த்தார்.

"பேரு எங்கம்மா? வாவ்ரான்னு போட்டிருக்கு."

"மேடம், நான்தான் எழுதினேன். ஜனவரியிலயே குழுவுக்கு அனுப்பினேன், பாருங்க, இதோ கடிதம்."

"கடிதம் ஆயிரம் பேரு போடுவாங்க, வெண்டுலா. உள்ள போன வேலையில யார் பேரு இருக்கு, அதைத்தான் அங்க கேப்பாங்க. நான் உன்ன நம்பறேன். ஆனா நான் நம்பி என்ன ஆகப்போகுது?"

பின்பெஞ்சில் இருந்த ஷார்க்கா வகுப்பே கேட்கும்படி சொன்னாள்: "விடுங்க மேடம், அவ அப்பா டிராமுல ஓசியில ஏறுன ஆளு போலருக்கு அந்த வாவ்ரா. டிக்கெட்டே எடுக்காம வந்திருக்காரு." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டுக் கழிப்பறைக்குப் போய்விட்டேன்.

எனக்கு வேண்டியது ஒன்றுதான்: அந்த வேலையில் என் பெயர். குழுவுக்கு எழுதி, இது யாருடையது என்று சொல்லுங்கள். கடைசிப் பக்கம் விட்டுப்போவதற்கான திருத்தம் என்னிடம் தயாராக இருக்கிறது, ஒரே ஒரு குறி. நீங்கள் என் பெயரைச் சொல்லும்வரை அதை அனுப்பப் போவதில்லை.

வெண்டுலா கோப்ரிவோவா

லிபெரெட்ஸ்,
21 மார்ச்

வெண்டுலா,

மிரட்டுகிறாயா? நல்லது, நேராகவே பேசுவோம்.

பிப்ரவரிக் கூட்டத்தில் பெரிய நிறுவனத்து ஆட்கள் இரண்டு பேர் இதே சீரமைப்பைக் கேட்டார்கள். அடுத்து வரும் பெரிய மாற்றத்துக்கு அது தேவை. உன் முதல் பதிப்பு எவ்வளவு இடைஞ்சல் செய்யும் என்று பார்க்க அதை என் கணினியில் போட்டுப் பார்த்திருந்தேன். அது அங்கேயே கிடந்தது. அதன்மேல் வேலை செய்தேன். பிடித்ததை வைத்தேன், பிடிக்காததை எடுத்தேன். பெயர் மாற்றுவதில் யார் எழுதியது என்பதே கிடையாது. வீட்டைப் பெருக்குகிறவர் பெயரை யாரும் சுவரில் எழுதி வைப்பதில்லை.

தவறு என்கிறாய். இடமாற்றத்தைச் சோதித்துவிட்டுத்தான் உள்ளே விட்டேன். விருந்தாளி இந்தக் கணினியிலிருந்து அந்தக் கணினிக்கு நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தது. ஒரு பள்ளி மாணவியின் ஊகத்துக்காக நான் திரும்பப் போகப் போவதில்லை.

பெயர்தான் வேண்டுமென்றால் குழுவில் போய் அழு. முதல் கடிதத்திலேயே பெரியவர்களோடு சண்டை போட்ட பெண் என்று எல்லோருக்கும் தெரியட்டும். பிறகு நீ அனுப்பும் எதை யார் படிக்கிறார்கள் என்று பார்ப்போம்.

வாவ்ரா

லிபெரெட்ஸ்,
10 ஏப்ரல்

வெண்டுலா,

குழு அஞ்சலைப் பார்த்திருப்பாய். போலந்தில் ஒரு பல்கலைக்கழகம் முன்னோட்ட வெளியீட்டையே நேராகப் பயன்பாட்டில் போட்டிருக்கிறது, முட்டாள்கள். ஞாயிற்றுக்கிழமை விருந்தாளிகளை வேறு கணினிக்கு இடம் மாற்றியிருக்கிறார்கள். தேர்வு எழுதிய பிள்ளைகளின் விடைகள் இருந்த விருந்தாளி போய்ச் சேர்ந்ததும் குழம்பிவிட்டது. பாதி விடைகள் குப்பையாகிவிட்டன. கடைசிப் பக்கம். என் சோதனையில் விருந்தாளியின் கடைசிப் பக்கம் காலியாக இருந்திருக்கிறது.

உனக்குத் தெரிந்திருந்தது. கையில் திருத்தத்தை வைத்துக்கொண்டு வாயை மூடி உட்கார்ந்திருந்தாய்.

இந்தத் தவறு எங்கிருந்து வந்தது என்று குழுவிடம் சொல்லிவிட்டேன். உன் பெயர் வேண்டும் வேண்டும் என்றாயே. சொல்லிவிட்டேன்.

வாவ்ரா

பிர்னோ,
11 ஏப்ரல்

திரு. வாவ்ரா அவர்களுக்கு,

படித்தேன். "இந்தப் பிழை வெண்டுலா கோப்ரிவோவா என்ற புதியவரின் பேட்சிலிருந்து வந்தது." குழுவில் என் பெயரை நீங்கள் முதல்முறையாக எழுதியிருப்பது இங்கேதான். வேலைக்குப் பெயர் கிடையாது என்றீர்கள். பெருக்குகிறவர் பெயரைச் சுவரில் எழுதுவதில்லை என்றீர்கள். குப்பைக்கு மட்டும் பெயர் உண்டு போலிருக்கிறது.

எனக்குத் தெரிந்திருந்தது என்கிறீர்கள். உங்களுக்கும் தெரிந்திருந்தது. பிப்ரவரியில் சொன்னேன், மார்ச்சில் திரும்பவும் சொன்னேன். நீங்கள் அதை ஊகம் என்றீர்கள். ஆனால் தவறு உள்ளே போய்விட்டது என்று தெரிந்த பிறகு நான் உங்களிடம் மட்டும் சொன்னேன், குழுவிடம் சொல்லவில்லை. அந்தப் பிள்ளைகள் தேர்வைத் திரும்ப எழுத வேண்டும். எங்கள் பள்ளியில் இப்படி ஆகியிருந்தால் நான் யாரைத் திட்டியிருப்பேன் என்று யோசித்தேன். உங்களை மட்டுமல்ல, என்னையும்தான் திட்டியிருப்பேன்.

அப்பாவிடம் சொன்னேன். அவர் திட்டவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. "தடம் சரியில்லன்னு ஒரு டிரைவருக்குத் தெரிஞ்சா, மொதல்ல கன்ட்ரோல் ரூமுக்குச் சொல்லணும்டா வெண்டு. யாரால சரியில்லன்னு அப்புறம் அடிச்சுக்கலாம்," என்றார். பிறகு, "இப்ப அடிச்சுக்கோ," என்று சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்பினார்.

திருத்தத்தைக் குழுவுக்கு அனுப்பிவிட்டேன். போலந்துக்காரர்கள் போட்டுப் பார்த்துச் சரியாகிவிட்டது என்று எழுதியிருக்கிறார்கள். மாற்றம் ஒரு குறிதான். மேலே உள்ள விளக்கம்தான் நீளம்:

"விருந்தாளியை இடம் மாற்றும்போது கடைசிப் பக்கம் நகலாகவில்லை. இந்தத் தவறை முதலில் செய்தது நான், ஜனவரியில் அனுப்பிய முதல் பதிப்பில். பிப்ரவரியில் அனுப்பிய இரண்டாம் பதிப்பில் அதைத் திருத்தி, குழுவுக்குச் சொன்னேன். ராதிம் வாவ்ரா இரண்டாவதைப் படிக்காமல் முதலாவதிலிருந்து எடுத்துத் தன் பெயரில் உள்ளே சேர்த்தார். அது தெரிந்த பிறகும் நான் அவருக்கு மட்டும் சொல்லிவிட்டு, போலந்திலிருந்து செய்தி வரும்வரை குழுவிடம் சொல்லாமல் இருந்தேன்."

இந்தப் பகுதியில் எது உள்ளே போனாலும் உங்கள் வழியாகத்தான் போக வேண்டும். அனுப்பிவிட்டேன். காத்திருக்கிறேன்.

வெண்டுலா கோப்ரிவோவா

லிபெரெட்ஸ்,
12 ஏப்ரல், காலை

வெண்டுலா,

திருத்தம் சரி. விளக்கம் கூடாது.

பேட்சின் விளக்கம் என்பது வழக்குமன்றம் இல்லை. ஒருமுறை உள்ளே போனால் கெர்னல் இருக்கும்வரை அழியாது. நீ கல்லூரிக்குப் போவாய், வேலை கேட்பாய். எவனாவது உன் பெயரைத் தேடுவான். "அது தெரிந்த பிறகும் குழுவிடம் சொல்லாமல் இருந்தேன்" என்பது வந்து நிற்கும். அதைப் படித்துவிட்டு உன்னை யார் சேர்த்துக்கொள்வார்கள்?

ஆகவே ஒரு வழி சொல்கிறேன். என்னைப் பற்றிய வரியை எடு. உன்னைப் பற்றிய வரிகளையும் எடு. "கடைசிப் பக்கம் நகலாகவில்லை, சரிசெய்யப்பட்டது" என்று மட்டும் இருக்கட்டும். எழுதியவர் என்று உன் பெயர் வரும். உன் ஆசிரியைக்குக் காட்ட அது போதும். உனக்கும் நல்லது, எனக்கும் நல்லது. மத்தியானத்துக்குள் அனுப்பினால் இன்றே உள்ளே விடுகிறேன்.

காமில் சொல்கிறான்: "அந்தப் பொண்ணு கேக்காதுய்யா. நீ வேணா பாரு." அவன் சொல்வது தப்பாகட்டும்.

வாவ்ரா

பிர்னோ,
12 ஏப்ரல், மத்தியானம்

திரு. வாவ்ரா அவர்களுக்கு,

இரண்டு முறை எழுதி அழித்தேன். நீங்கள் சொன்ன சிறிய விளக்கத்தை உண்மையிலேயே ஒருமுறை தட்டச்சு செய்து பார்த்தேன். அழகாக இருந்தது. என் பெயரும் இருந்தது. இதற்குத்தான் ஜனவரியிலிருந்து ஆசைப்பட்டேன்.

ஆனால் படிக்கிற யாருக்கும் அதிலிருந்து ஒன்றும் தெரியாது. ஒரு பக்கம் எப்படி விட்டுப்போனது, யார் எதைப் படிக்கவில்லை, யார் எதைச் சொல்லவில்லை, எதுவும் தெரியாது. பெயர்கள் உள்ளே இருப்பதைச் சொல்ல வேண்டும் என்றுதான் நான் இந்த வேலையையே ஆரம்பித்தேன்.

விளக்கத்தில் பொய்யான வரி எது என்று காட்டுங்கள், எடுத்துவிடுகிறேன். உண்மையான வரியை எடுக்க மாட்டேன். உங்களைப் பற்றியதையும் சரி, என்னைப் பற்றியதையும் சரி. "சரிபார்த்தேன்" என்று ஒருவர் போட்டால், குறியை மட்டும் அல்ல, மேலே எழுதியிருப்பதையும் படித்து ஒப்புக்கொண்டார் என்றுதான் குழுவின் விதி சொல்கிறது. உங்களால் முடியாவிட்டால் குழுவிடம் சொல்லுங்கள். ஏன் முடியவில்லை என்பதையும் சொல்லுங்கள்.

வெண்டுலா கோப்ரிவோவா

லிபெரெட்ஸ்,
13 ஏப்ரல்

காலையிலிருந்து பொய்யான வரியைத் தேடினேன். ஒரு காற்புள்ளி தவறாக இருக்கிறது, அதை விட்டுவிட்டேன். வேறு எதுவும் கிடைக்கவில்லை. உன்னை எனக்குப் பிடிக்கவில்லை, இனிமேலும் பிடிக்கப் போவதில்லை. எனக்குத் தனியாக எழுதாதே. பேட்ச் உள்ளே போய்விட்டது, ஒரு சொல்லும் மாறாமல்.

எழுதியவர்: வெண்டுலா கோப்ரிவோவா
சரிபார்த்தவர்: ராதிம் வாவ்ரா